சேற்றுக்குள் இருக்கும் காய்ச்சல்

ஐப்பசி கடைசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் மூதூர்ப் பக்கத்தில் வேலை முழுவதும் வயலில்தான். தோப்பூர், கிளிவெட்டி, பச்சனூர், ஈச்சிலம்பற்று என்று மகாவலி கடலை நெருங்கும் தாழ்நிலம் எங்கும் பெரும்போகம் தொடங்கும். வரம்பு கட்டுவது, மடை திறப்பது, களை பிடுங்குவது, மருந்தடிப்பது எல்லாமே சேற்றில் இறங்கிச் செய்கிற வேலைகள். பெரும்பாலும் வெறுங்கால்தான். அடுத்து வரும் மாதங்களில் இதே ஊர்களிலிருந்து மூதூர் தள வைத்தியசாலைக்கு வருகிற பலரும் சொல்கிற முறைப்பாடு ஒன்றுதான்: காய்ச்சல்.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள் இருக்கின்றன என்பதைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டதுதான் நவீன மருத்துவத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸும் அவருடைய தந்தையும் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் காய்ச்சலில் விழுந்தார்கள். தந்தை அடுத்த ஆண்டே இறந்துபோனார். அன்றைக்கு அது வெறும் காய்ச்சல். அது மலேரியாவா, வேறு நோயா என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் எவரும் இல்லை. இன்று இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார் என்று மாதம் குறித்துச் சொல்ல முடிகிறது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. மலேரியா போன இடத்துக்கு டெங்கு வந்தது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியா உட்படத் திருகோணமலை மாவட்டம் கடுமையாக அடிபட்டது.

அதனால் இன்று காய்ச்சலோடு வருகிறவருக்கு முதலில் எஃப்.பி.சி. (முழு இரத்தக் கணிப்பு) எடுக்கிறார்கள், டெங்குப் பரிசோதனை செய்கிறார்கள். அதில் இல்லையென்றால் எலிக்காய்ச்சலா, நெருப்புக் காய்ச்சலா, டைபஸா என்று பார்க்கிறார்கள். இவ்வளவும் கடந்த பிறகும் பெயர் கிடைக்காத சிலர் எஞ்சுவார்கள். அப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது, விவசாயி, சலரோகத்துக்கு மாத்திரை எடுக்கிறவர். பத்து நாளாகக் காய்ச்சல், இருமல், மெலிவு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் படம் காசநோய் போலவே இருக்கிறது, காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. இரண்டாவது வாரத்தில் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டிகள் தெரிகின்றன. பிறகு இரத்த அழுத்தம் விழுகிறது.

இந்த அத்தியாயம் அந்த நோயாளியைப் பற்றியது. அவருக்கு வந்திருக்கக்கூடிய நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். எங்கெல்லாம் அதைத் தேடினார்களோ அங்கெல்லாம் அது இருந்தது; எங்கே தேடுவதை விட்டார்களோ அங்கே அது ஏடுகளிலிருந்து மறைந்தது. ஆனால் மனிதர்கள் அதனால் இறப்பது மட்டும் நிற்கவில்லை.

ரங்கூன், 1911

பர்மாவின் ரங்கூன் பொது வைத்தியசாலையின் நோய்க்கூற்றியலாளர் அல்ஃபிரட் விட்மோர். அவருடன் உதவியாளராகப் பணியாற்றியவர் சி.எஸ். கிருஷ்ணசாமி. 1911இல் அவர்கள் செய்த பிரேத பரிசோதனைகளில் விசித்திரமான நுரையீரல்கள் தென்பட்டன. கட்டிதட்டி, பாலாடைக்கட்டி போன்ற பொருளால் நிறைந்திருந்தன. காசநோய் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நுண்நோக்கியில் காசநோய்க் கிருமி இல்லை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய்க் கிருமியை ஒத்த ஒரு கோல்வடிவ பக்டீரியா இருந்தது. இறந்தவர்கள் குதிரை லாயத்தை நெருங்காதவர்கள். பலர் மோர்ஃபியா ஊசிக்கு அடிமையான ஏழைகள். தவிர, கிளாண்டர்ஸ் கிருமி தானாக அசையாது, இது அசைந்தது. வேறு கிருமி, வேறு நோய் என்று இருவரும் முடிவுக்கு வந்து 1912இல் எழுதி வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் 38 நோயாளிகள். ரங்கூனில் அப்போது நடந்த பிரேத பரிசோதனைகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றில் இது இருந்தது. கிருஷ்ணசாமி 1917இல் தனியாகவும் இந்நோயைப் பற்றி எழுதினார். விட்மோரின் பெயரால் நோய் அழைக்கப்பட்ட காலமும் உண்டு. கிருஷ்ணசாமியின் பெயர் அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுமார் அரை நூற்றாண்டு காலம் பர்மாவிலிருந்து மெலியோய்டோசிஸ் பற்றி அறிக்கையே இல்லை எனலாம். வயலும் மழையும் மண்ணும் அப்படியே இருந்தன. கிருமியை வளர்த்துப் பார்க்கிற ஆய்வுகூடமும், பிணத்தைத் திறந்து பார்க்கிற பழக்கமும்தான் இல்லாமல் போயிருந்தன. ஆய்வுகூடங்கள் மறுபடி தேடத் தொடங்கியபோது நோயாளிகள் மறுபடி கிடைத்தார்கள்.

மண்ணில் ஒரு வாழ்க்கை

இந்தக் கிருமியின் இன்றைய பெயர் பர்க்கோல்டேரியா சூடோமலேயை. இதற்கு உயிர்வாழ மனிதன் தேவையில்லை. வெப்பமண்டலத்து ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தானாகவே வாழ்கிறது. வறண்ட காலத்தில் நிலத்தின் ஆழத்தில் ஒதுங்கி, மழை பெய்து நீர்மட்டம் ஏறும்போது மேல்மண்ணுக்கு வருகிறது. உழவும் நடவும் களையெடுப்பும் நடப்பது சரியாக அந்த மேல்மண்ணில்தான்.

உடலுக்குள் புக அதற்கு மூன்று வழிகள் உண்டு. பாதத்து வெடிப்பு, சிராய்ப்பு வழியாக வரலாம். காய்ச்சாத நீரைக் குடிப்பதால் வரலாம். புயல் மழையில் தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதாலும் வரலாம். 2004 டிசம்பர் சுனாமியில் சேற்றுநீரை விழுங்கிப் பிழைத்தவர்களிடையே, தாய்லாந்திலும் சுமாத்திராவின் அச்சேயிலும், அடுத்த வாரங்களில் மெலியோய்டோசிஸ் நுரையீரல் தொற்றுகள் கண்டறியப்பட்டன.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. நோயாக மாறுவது யாருக்கு என்பதில் ஒரு காரணம் மற்றெல்லாவற்றையும் விட முன்னே நிற்கிறது: சலரோகம். இரத்தத்தில் சீனி கட்டுப்பாடில்லாமல் இருக்கும்போது, நுழைந்த கிருமியை முதலில் விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்கள் சோர்ந்துபோகின்றன. இந்தக் கிருமியோ வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு தங்கக் கற்றது. நாட்பட்ட சிறுநீரக நோய், மிகுந்த மது, தலசீமியா ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் சலரோகத்தோடு வாழ்கிறார்கள். உலர்வலயத்தின் விவசாயக் கிராமங்களில் சிறுநீரக நோயும் உண்டு. கிருமிக்கு ஏற்ற மண்ணும், நோய்க்கு இடங்கொடுக்கும் உடல்களும் ஒரே ஊரில் சந்திக்கின்றன.

அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். சிலரிடம் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த அமெரிக்கர் ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. மூதூரில் வயல் செய்துவிட்டுக் கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போனவரிடம் அங்குள்ள மருத்துவர் ஊர் எது, முன்பு என்ன தொழில் என்று கேட்க வேண்டியதன் அவசியம் இதனால்தான்.

வேலூர் கண்ட வரைபடம்

இந்தியாவிலும் இதே கதை. பல பத்தாண்டுகளாக மெலியோய்டோசிஸ் வரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா பெயருக்குக்கூட இல்லை. 1991இல் பம்பாயில் ஒரு குழந்தையிடம் கண்டறியப்பட்டது. 1996இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன் முதலானோர் தாம் கண்ட நோயாளிகளைத் தொகுத்து எழுதினார்கள். நாம் காண்பது பனிப்பாறையின் நுனியோ என்ற கேள்வியைக் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார்கள். கேள்வி சரியானது. 2012இல் மங்களூரிலிருந்து வந்த ஆய்வு மேற்குக் கரையோரத்து நோயாளிகள் 95 பேரைப் பற்றியது. வேலூரில் 2008 முதல் 2014 வரை கண்ட 114 பேரின் விவரம் 2019இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் சலரோகம் உள்ளவர்கள். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் சிரஞ்சய் முகோபாத்யாய் இந்நோய்க்கென்றே ஒரு குழுவைக் கட்டியெழுப்பினார்.

இந்த எண்களை வைத்து மெலியோய்டோசிஸ் வேலூரிலும் மங்களூரிலும் மணிப்பாலிலும் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலூரின் காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் காரணம் தெரியும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் கோப்பும் படச்சுருளுமாக வந்து இறங்குகிறார்கள். பல ஊர்களில் பல மருந்துகள் தின்று குணமாகாதவர்கள் அவர்கள். ஆக, வேலூரின் நோயாளிப் பட்டியல் வேலூர் மண்ணின் படமாகாது. எந்த ஊர்களில் நோய் பிடிபடாமல் போனதோ அந்த ஊர்களின் படமும், ரயில் கட்டணம் புரட்ட முடிந்தவர்களின் படமும் அதில் கலந்திருக்கின்றன. 1946இல் மேயோ கிளினிக்கின் புள்ளியியலாளர் ஜோசஃப் பெர்க்சன் இந்த எச்சரிக்கையைக் கணக்காகவே காட்டினார்: வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து நோய்களுக்கிடையே உறவு தேடினால், ஊரில் இல்லாத உறவும் இருப்பதாகத் தோன்றும், வந்து சேர்வதற்கென்றே தனிக் காரணங்கள் உண்டு என்பதால்.

சிறப்பு வைத்தியசாலை தருகிற எண்ணுக்கு வேறொரு பயன் உண்டு. ஒரு நோய் இருக்கிறது என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. எவ்வளவு இருக்கிறது என்பதை மண்ணையும் மழையையும் மக்கள்தொகையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். 2016இல் அப்படிக் கணக்கிட்ட சர்வதேச ஆய்வுக் குழு ஒன்று, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. நோயாளிகளில் 44 விழுக்காடு தெற்காசியாவில். நம் நாடுகளில் ஏட்டில் ஏறுவது அதில் மிகச் சிறு பங்கு.

இலங்கையின் நீண்ட இடைவெளி

இலங்கையில் மெலியோய்டோசிஸ் முதலில் 1927இல், இங்கு வாழ்ந்த ஐரோப்பியர் ஒருவரிடம் பதிவானது. அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உள்ளூர்ப் பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இலங்கைக்கு வந்து திரும்பிய வெளிநாட்டவரிடம் அவரவர் நாட்டில் கண்டுபிடித்த செய்திகள் அவ்வப்போது வந்தன. அதாவது கிருமி இங்கேதான் இருந்தது. அதைக் காணும் கண்தான் வேறெங்கோ இருந்தது.

2006க்குப் பிறகு இது மாறியது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரியா, பேராதனையின் வசந்தி தேவநேசம் முதலானோர் நாடெங்கும் உள்ள வைத்தியசாலை ஆய்வுகூடங்களோடு பேசினார்கள். சந்தேகத்துக்குரிய கிருமி வளர்ந்தால் தூக்கி எறியாதீர்கள், அனுப்புங்கள் என்பதே அவர்கள் கேட்டது. 2014 வாக்கில் உறுதியானவர்கள் சில பத்துப் பேர். 2017 முடிவதற்குள் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. புதிதாக ஒரு கொள்ளைநோய் வந்து இறங்கிவிடவில்லை. தேடல் பரவியது, அவ்வளவுதான். நோயாளிகளில் பெரும்பாலோர் கிராமப்புறத்தவர், ஆண்கள், சலரோகம் உள்ளவர்கள்.

மேசையில் நான்கு நாட்கள்

நோய்க்குப் பெயர் வைக்கிற இடம் ஆய்வுகூட மேசை. அங்கே நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நோயாளியின் இரத்தம் ஊட்டநீர் நிரம்பிய போத்தலுக்குள் செலுத்தப்படுகிறது. நுண்ணுயிர்கொல்லி ஏற்றுவதற்கு முன்பே இரத்தம் எடுத்திருக்க வேண்டும். பிந்தினால் கிருமி பாதி செத்திருக்கும், வளராது. கிருமி பெருகினால் அதில் ஒரு துளியை ஊட்டத் தட்டில் பூசி வைக்கிறார்கள். மறுநாள் மிகச் சிறிய, கண்ணை ஈர்க்காத புள்ளிகள் தோன்றுகின்றன. கிராம் சாயம் ஏற்றி நுண்நோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்புக் கோல்கள். இரு முனையும் அடர்ந்து நடு வெளிறி, மூடிய ஊக்கு ஒன்றைப் போலத் தெரியும்.

இந்த இடத்தில்தான் தவறு நடக்கும். மண்ணிலும் குழாய்நீரிலும் சாதாரணமாக இருக்கிற சூடோமோனாஸ் இனக் கிருமிகளும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து கலந்த அசுத்தம் என்று ஒரு வரி எழுதித் தட்டை எறிந்துவிடுவது எளிது. தானியங்கி இயந்திரங்களும் இதை இதன் நெருங்கிய உறவான வேறொரு பர்க்கோல்டேரியாவாகப் பெயர் மாற்றிச் சொன்னதுண்டு.

எறியாமல் மூன்று, நான்கு நாள் வைத்தால் புள்ளிகள் உலர்ந்து சுருங்கி மடிப்பு மடிப்பாகின்றன. ஆஸ்திரேலியர் ஆஷ்டவுன் 1979இல் வடிவமைத்த ஊட்டத் தட்டில், அதிலுள்ள சாயத்தை உறிஞ்சி, அவை ஊதா நிறம் ஏறிச் சுருக்கம் விழுந்து நிற்கும். கூடவே மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கலாம். ஜென்டாமைசின், கொலிஸ்டின் வில்லைகளைச் சுற்றிக் கிருமி ஒட்டி வளரும். கோ-அமொக்சிக்ளாவ் வில்லையைச் சுற்றி மட்டும் வளராத வெற்று வட்டம் விழும். இந்தச் சேர்க்கை வேறு கிருமிகளில் அரிது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத ஆய்வுகூடமும் இதைச் செய்யலாம். தேவைப்படுவது, இது மெலியோய்டோசிஸாக இருக்கலாமோ என்று ஒருவர் நினைப்பது. அந்த நினைப்பு வாட்டில் இருக்கிற மருத்துவரிடமிருந்து வர வேண்டும். கோரிக்கைத் தாளில் அவர் நாலு சொல் எழுதினால் தொழில்நுட்பவியலாளர் தட்டை நான்கு நாள் வைத்திருப்பார், கிருமியைத் திறந்த மேசையில் கையாளாமல் தன்னையும் காத்துக்கொள்வார்.

ஒருமுறை கிருமி வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஒருமுறை எடுத்த மாதிரிகள் உண்மையான நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினரைத்தான் காட்டிக்கொடுக்கின்றன என்பது மதிப்பீடு. நூறு நோயாளிகளில் முதல் முறை 60 பேர் பிடிபட்டால் 40 பேர் தப்புகிறார்கள். மறுபடி எடுத்தால் அந்த 40 பேரில் 24 பேர் பிடிபடலாம், சேர்த்து 84. நடைமுறையில் பயன் இதைவிடச் சற்றுக் குறையும், முதல்முறை தப்பியவரிடம் கிருமி அடுத்தமுறையும் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால். அதனால்தான் இரத்தத்தோடு நிறுத்தாமல் சிறுநீர், சளி, தொண்டை, சீழ் எல்லாவற்றிலும் தேடச் சொல்கிறார்கள்.

பிறபொருளெதிரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இதை விடச் சுலபம், ஆனால் வேறு வகையில் ஏமாற்றும். வடகிழக்குத் தாய்லாந்தின் நெல்வயல் பகுதிகளில் ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பெரும்பகுதியினரிடம் அது காணப்படுகிறது. சேற்றில் வளர்ந்த உடம்பு கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்பதற்குப் போதாது.

பெயர் கிடைத்தால் உயிர் கிடைக்கும்

இத்தனை சிரமப்பட்டுப் பெயர் கண்டுபிடிப்பது எதற்கு? கடும் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் பலவும் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. தாய்லாந்தின் உபோன் ராச்சதானியில் நிக்கலஸ் வைட்டும் தாய்லாந்து மருத்துவர்களும் செய்து 1989இல் வெளியிட்ட சோதனையில், பழைய மருந்துக் கூட்டால் 74 விழுக்காடாக இருந்த இறப்பு, செஃப்டாசிடிம் கொடுத்தபோது 37 ஆக, அதாவது பாதியாகக் குறைந்தது. இன்று செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் நாளத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு கோ-டிரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். அறுவடை வேலை தலைக்கு மேல் இருக்கும் ஒருவர் மூன்று மாதம் விடாமல் மாத்திரை எடுப்பது எளிதல்ல. ஏன் எடுக்க வேண்டும் என்று வீட்டாரையும் இருத்தி விளக்கினால்தான் அது நடக்கும்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் வைத்தியசாலையில் பார்ட் கரியின் குழு 1989 ஒக்டோபர் முதல் ஒவ்வொரு நோயாளியையும் பதிந்துவந்தது. முப்பது ஆண்டுகளில் 1,148 பேர். முதல் ஐந்தாண்டில் இறப்பு 31 விழுக்காடு, கடைசி ஐந்தாண்டில் 6. இடையில் அதிசய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. சீக்கிரம் சந்தேகித்தார்கள், சீக்கிரம் வளர்த்துப் பார்த்தார்கள், சரியான மருந்தை முதல் நாளே தொடங்கினார்கள், தீவிர சிகிச்சையைப் பலப்படுத்தினார்கள். ஒரு நோயைத் தினமும் எதிர்பார்த்திருப்பதே பாதிச் சிகிச்சை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூதூர் கேட்க வேண்டியது

மூதூர் மக்களுக்குத் தூரம் புதிதல்ல. குடாவைத் தாண்டித் திருகோணமலைக்குப் போகப் படகையும் மிதவைப் பாதையையும் நம்பியிருந்த காலம் நீண்டது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். போரும் இடப்பெயர்வும் நடந்த ஆண்டுகளில் காய்ச்சலுக்குப் பெயர் தேட எவருக்கும் அவகாசமில்லை. இன்று பாலம் இருக்கிறது, இலவச வைத்தியம் இருக்கிறது, மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. இனி குறுக்கே நிற்பது பழக்கம் மட்டுமே.

மாரிகாலத்தில் காய்ச்சலோடு வருகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். வயலில் இறங்கினீர்களா? சலரோகமோ சிறுநீரக வருத்தமோ உண்டா? காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டிவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் முதல் ஊசிக்கு முன் இரத்தம் வளர்ப்புக்குப் போக வேண்டும், தாளில் மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்று எழுதியிருக்க வேண்டும். காசநோய்க் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கிய, ஆனால் தேறாத ஒவ்வொருவருக்கும் இதே சோதனை நடக்க வேண்டும். சலரோகக் கிளினிக்கில் காலைப் பார்க்கும் தாதி, வயலுக்குப் போகிறவரிடம் பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள், வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லலாம். வயல்நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். வயலை விட்டுவிடச் சொல்வதில் பயனில்லை. அதுதான் அவர் சோறு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பார்மசியில் பனடோலும், மிச்சமிருந்த நுண்ணுயிர்கொல்லியும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு எட்டாம் நாள் வைத்தியசாலைக்கு வந்தால், கிருமியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு வாசலிலேயே குறைந்துபோகிறது. முன்பே வாருங்கள், நான் வயல்காரன், எனக்குச் சீனி இருக்கிறது என்று கேட்காமலே சொல்லுங்கள்.

இவை நடந்தால் திருகோணமலை மாவட்டத்தின் புள்ளிவிவரத்தில் மெலியோய்டோசிஸ் நோயாளிகள் முதலில் கூடுவார்கள். அதைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை. ரங்கூனிலும் வேலூரிலும் டார்வினிலும் அப்படித்தான் தொடங்கியது. எண்ணிக்கை கூடுகிற ஆண்டுகளில்தான், இதுவரை காய்ச்சலில் போனார் என்று மட்டும் சொல்லி அடக்கம் செய்யப்பட்டவர்களில் சிலர் மூன்று மாத மாத்திரையோடு வீடு திரும்பத் தொடங்குவார்கள்.